ஆம்பூர் வரை மடியில் இருந்த பெட்டி

காலை 6.10, வேலூர், பாகாயம்.

பயணம் போகிறவர்கள் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வார்கள், சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு மரப்பெட்டி. ஒன்றரை அடி நீளம், பித்தளைக் கொக்கி, உள்ளே வைக்கோல், வைக்கோலுக்கு நடுவே ஒரு கண்ணாடி பாட்டில். பாட்டிலின் கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் 'விஷம், தொடாதே' என்று எழுதியிருந்தது. எழுதியவர் பிரிசில்லா. என் கல்லூரித் தோழன் ஞானராஜின் மனைவி, நர்ஸ்.

ஞானராஜ் முன்பு ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீசியனாக இருந்தான். 2008-இல் ஊரே டிஜிட்டல் கேமராவுக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவன் வேலையை விட்டுவிட்டு நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டான். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரத்தின்மேல் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் முக்கி, அந்த ஈரம் காய்வதற்குள் போட்டோ எடுத்து, அங்கேயே கழுவி முடிக்க வேண்டும். காய்ந்தால் படம் போச்சு. உலகத்தில் ஆங்காங்கே சில பேர் இப்படிக் கிளம்பியிருக்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் பார்த்து, அவர்களுக்கு எழுதிக் கேட்டு, ஒன்றரை வருஷம் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய்க் கற்றுக்கொண்டான். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்களை எடுக்கப் போகிறேன், நீ வந்து எழுது என்று கூப்பிட்டான். சென்னையிலிருந்து முந்தின நாள் ஐம்பத்தைந்து ரூபாய் டிக்கெட்டில் வேலூர் வந்து சேர்ந்தேன். விஷத்தைப் பற்றி அவன் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கழுவும் வேலையில் கடைசிக் கட்டம், படத்தைத் தகரத்தில் நிலைக்க வைப்பது. அதற்கு ஹைப்போ என்ற சாது உப்பு போதும். ஆனால் சயனைடில் கழுவினால்தான் முகத்தில் வெள்ளை பளிச்சென்று, பால் மாதிரி வருமாம். அந்தப் பால் வெள்ளைக்காகத்தான் இந்தப் பெட்டி.

கிளம்பும்போது பிரிசில்லா வாசலுக்கு வந்து மூன்று வெள்ளை பீங்கான் தட்டுகளைக் காட்டினார். ஒன்றின் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷில் பெரிய பொட்டு.

"அண்ணா, பொட்டு வச்ச தட்டு மட்டும் விஷத் தட்டு. அதுல இருக்கறத எங்கயும் கொட்டக்கூடாது, நீலக் கேன்லதான் ஊத்தணும். ஆசிட் பக்கம் போனா அது காத்தா மாறிடும். அந்தக் காத்து மூச்சுல போனா அவ்ளோதான்."

தலையை ஆட்டினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனத்தைவிட அதன் குலுக்கல்தான் பயமாக இருந்தது.

காலை 6.55, பள்ளிகொண்டா.

பாகாயத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். வண்டி ஒரு பழைய மாருதி ஆம்னி, நாள் வாடகை தொள்ளாயிரம் ரூபாய். டிரைவர் பாபுவுக்கு முப்பது வயது இருக்கும். ரங்கநாதர் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிறுத்தினார். டீ மூன்று ரூபாய். நான் பெட்டியோடு இறங்கி, பெட்டியோடு டீ குடித்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. நாய் தட்டிவிட்டால்?

அப்போது பாபு பின்கதவைத் திறந்து குனிந்து ஏதோ திருகினார். எட்டிப் பார்த்தேன். வீட்டில் அடுப்புக்கு வைக்கிற சிவப்பு கேஸ் சிலிண்டர் படுத்துக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஞானராஜின் ஈதர் கேன். ஈதர், தீப்பொறியை எட்டி நின்றே கூப்பிடுகிற சரக்கு என்று முந்தின ராத்திரிதான் அவன் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

வண்டி கேஸில் ஓடுவதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பெட்ரோல் இன்னா வெல விக்கிது சார்? கேஸ்ல ஓட்னாதான் நமக்கு கட்டுப்படி ஆவும். நீங்க ஏன் பேஜார் ஆவுறீங்க, நாலு வருஷமா ஓட்றேன், ஒண்ணும் ஆவல" என்றார் பாபு. சொல்லும்போது அவர் உதட்டில் பீடி இருந்தது. பற்றவைக்காத பீடி. இருந்தாலும் பீடிதானே.

ஞானராஜ் கேனை எடுத்து முன்சீட்டில் தன் காலடியில் வைத்துக்கொண்டான். மடியில் சயனைடு, முதுகுக்குப் பின்னால் சிலிண்டர், முன்னால் ஈதர் என்று ஆம்பூர் வரை போனேன். வலதுபக்கம் பாலாறு மணலாகவே கூட வந்தது. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியும் எங்கள்மேல் ஏறவே வந்தது.

காலை 8.05, ஆம்பூருக்கு வெளியே.

ஷாப் வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே நாற்றம் வந்துவிட்டது. அழுகின முட்டையும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்த நாற்றம். வேலூர் ஜில்லாக்காரர்கள் இதைப் பேச்சில்கூட எடுக்க மாட்டார்கள், பாபுவும் எடுக்கவில்லை. நான் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் ரஹமத் பாய் கேட்டில் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், வெள்ளைத் தாடி. ஞானராஜ் கொலோடியன் பாட்டிலைத் திறந்து காட்டியதும் மோந்து பார்த்துச் சிரித்தார். தோலுக்கு மினுமினுப்பு ஏற்ற அவர்கள் அடிக்கிற லாக்கரும் இதே சாதிதானாம். அதன் வாசனை தெரிந்தவர் என்பதால் சிலிண்டரை அவரே கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு ஷாப்பைச் சுற்றிக் காட்டினார். சுண்ணாம்புக் குழிகள், வீட்டு உயரத்துக்குச் சுற்றுகிற மர டிரம்கள், சொட்டச் சொட்ட நீல நிறத் தோல்கள். பின்சுவரை ஒட்டி இரண்டு கழிவுநீர்க் காவா ஓடின. ஒன்றில் வெள்ளையாக, முடியும் கொழுப்புமாக, குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு தண்ணீர் போனது. இன்னொன்றில் தெளிந்த நீலப் பச்சைத் தண்ணீர். அதில் நாற்றமே இல்லை.

"இது சுண்ணாம்புக் காவா, அது வேற. ரெண்டும் கலக்கவே கூடாது சார். கலந்தா ஆள் போய்டும்" என்றார் பாய்.

அந்த 'வேற' என்னவென்று நான் கேட்கவில்லை. கைக்குட்டைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எப்போது அந்த இடத்தைவிட்டு நகர்வோம் என்று நின்றிருந்தேன். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரோரம்தான் இருந்தது. ஞானராஜ் தன் கறுப்புத் துணிக் கூடாரத்தை அங்கேயே அடித்தான். உள்ளே ஒரு சிவப்பு பேட்டரி விளக்கு. இந்தத் தகரத்துக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது, அதனால் உள்ளே சிவப்பு விளக்கில்தான் வேலை. மூன்று தட்டுகளையும் பெஞ்சில் வரிசையாக வைத்தான்.

காலை 9.40.

முதல் படத்துக்கு உட்கார்ந்தவர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும், மாதனூர்ப் பக்கம் ஒரு கிராமம். நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துண்டு. சுண்ணாம்பில் வெந்து வெந்து விரல்கள் வெளுத்திருந்தன. அவர் மனைவி சாந்தியும் அங்கேயே வேலை. தோலிலிருந்து சீவிய சவ்வை வாரிக் கொட்டுவார்.

நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவட்டை ஒன்றை நிறுத்தி, அதில் ஏழுமலையின் பின்தலையைச் சாய்த்தான் ஞானராஜ். எட்டு விநாடி தலை அசையக்கூடாது. மூச்சு விடலாமா என்று ஏழுமலை கேட்டார். விடலாம், கண்ணும் இமைக்கலாம், தலைதான் ஆடக்கூடாது என்றான். லென்ஸ் மூடியை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். எட்டு விநாடி அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. டிரம்கூட மெதுவாகச் சுற்றுவதுபோல் இருந்தது.

உள்ளே ஓடிப்போய் மருந்து ஊற்றி, பொட்டு வைத்த தட்டை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தான். கடைசிக் கட்டத்தை வெளிச்சத்தில் செய்யலாம். உட்கார்ந்தவர்களுக்கு அதைக் காட்டுவதில் அவனுக்குக் குழந்தை மாதிரி ஆசை. தகரத்தில் கலங்கிய நீலமாக என்னவோ இருந்தது. தட்டில் இருந்த தண்ணீரில் அதை நழுவவிட்டதும் அந்த நீலம் ஓரத்திலிருந்து விலகியது. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு மீசை. ஏழுமலை தன் முகம் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருவதைக் குனிந்து பார்த்தார். அந்த இரண்டு நிமிஷம் நான் பயத்தை மறந்திருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

நீலச் சட்டை வெள்ளை வெளேரென்றும் சிவப்புத் துண்டு கரிக் கறுப்பாகவும் வந்திருந்தது. இந்த மருந்துக்கு நீலமெல்லாம் வெள்ளை, சிவப்பெல்லாம் கறுப்பு. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று பாய் கிண்டல் செய்தார். சாந்தியையும் சேர்த்து அடுத்த படம் எடுக்கலாம் என்றான் ஞானராஜ். இன்றைக்கு வியாழக்கிழமை, தொட்டி வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

தொட்டி வேலை என்பது இது. சுவருக்கு அந்தப் பக்கம், அந்த நீலப் பச்சைக் காவாவின் தண்ணீர் போய் விழுகிற ஏழடி ஆழத் தொட்டியில் அடியில் தங்குகிற சேற்றை வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் இறங்கி வாளியில் அள்ளிக் கொடுக்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு. மேலே ஒருவர் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு தடவையும் பதில் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை பதில் வராவிட்டால் கேள்வி கேட்காமல் இழுத்துவிடுவார்கள். 'ஏங்க', 'யோவ்' என்றெல்லாம் கூப்பிடக்கூடாது, பக்கத்தில் போகிற எவனாவது பதில் சொல்லிவிடுவான், பெயர்தான் சொல்ல வேண்டும் என்பது பாயின் சட்டம்.

"கல்யாணம் ஆயி பதினாறு வருஷம் ஆச்சி சார். வூட்ல ஒரு நாளும் எம்பேர சொன்னதில்ல. வியாழக்கெழம ஆனா போதும், நூறு வாட்டி சொல்லுவா" என்றார் ஏழுமலை. சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

காலை 11.15.

நடுவில் நான்கு பேரை எடுத்தான். வெயில் ஏற ஏற தகரம் சீக்கிரம் காய்ந்தது, அவன் கூடாரத்துக்கும் கேமராவுக்கும் ஓடிக்கொண்டே இருந்தான். உள்ளே போய்ப் பழைய தண்ணீரை வாளியில் ஊற்றிக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்து வை என்று என்னிடம் சொன்னான். கூடாரத்துக்குள் போனேன். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு வெள்ளைத் தட்டுகள், மூன்றாவது வெளியே எடுத்துப்போன படத்தோடு இருந்தது. உள்ளே இருந்த இரண்டிலும் தண்ணீர். பொட்டு எதில் இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். எதிலும் பொட்டு இல்லை.

அப்படியானால் விஷத் தட்டை அவன் வெளியே கொண்டுபோயிருக்கிறான், இவை இரண்டும் வெறும் தண்ணீர் என்று முடிவு செய்தேன். இரண்டையும் வாளியில் கவிழ்த்தேன். வாளியோடு வெளியே வந்தேன். சுண்ணாம்புக் காவாதான் பக்கத்தில். ஆனால் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் குனிய என்னால் முடியவில்லை. நாலு எட்டு கூட நடந்து, நாற்றமில்லாத அந்த நீலப் பச்சைக் காவாவில் ஊற்றினேன். வாளியைக் கழுவி அந்தத் தண்ணீரையும் அதிலேயே விட்டேன்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாந்தியின் குரல் கேட்டது. "ஏழுமல." கீழே எங்கிருந்தோ "ஆங்." மறுபடி, "ஏழுமல." "ஆங்." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஞானராஜ் அடுத்த தகரத்தோடு கூடாரத்துக்குள் போனான். போன வேகத்தில் வெளியே வந்தான்.

"வலது கைப் பக்கம் ஒரு தட்டு இருந்திச்சே, அது எங்கடா?"

"ரெண்டையும் கொட்டிட்டேன், பொட்டு வச்சதத்தான் நீ வெளிய எடுத்துட்டுப் போய்ட்டியே" என்றேன்.

அவன் காலித் தட்டை வெயிலில் நீட்டினான். விளிம்பில் சிவப்புப் பொட்டு காலையில் பார்த்ததுபோலவே பளிச்சென்று இருந்தது. சிவப்பு விளக்கில் வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகிவிடும். ஒன்றரை வருஷமாக அவன் தனியாகவே வேலை செய்ததால், இருக்கிற இடத்தை வைத்தே தட்டைத் தெரிந்துகொண்டான், பொட்டைப் பார்க்கவே இல்லை. பொட்டு வைத்த பிரிசில்லா அந்தக் கூடாரத்துக்குள் போனதில்லை. போட்டோக்காரன் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

"எதுல கொட்டுன?"

கையைக் காட்டினேன். "அதுதான்டா ஆசிட் காவா" என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

நானும் பின்னால் ஓடினேன் என்பது அப்புறம் நினைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. சுவரைச் சுற்றிப் போக முப்பது அடி. அந்த முப்பது அடியும் நான் எண்ணிக்கொண்டு போனேன், காலையில் அவன் எண்ணியதுபோல, ஒன்று, இரண்டு என்று. ஐந்தில் சாந்தியின் குரல் கேட்டது. "ஏழுமல." பதில் கேட்கவில்லை. எட்டில் மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்து நின்று, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்திருந்தார். நாங்கள் எதற்காக ஓடி வந்தோம் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை பதில் வரவில்லை, இழுத்தார், அவ்வளவுதான். நானும் கயிற்றைப் பிடித்தேன். ஞானராஜ் தொட்டிக்குள் காலை வைத்துவிட்டான். எங்கிருந்தோ வந்த ரஹமத் பாய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"எறங்காத. ரெண்டாவது எறங்கறவன்தான் சாவான். இழு."

இழுத்தோம். இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். ஏழுமலை ஒரு மூட்டைபோல் விளிம்பில் தட்டி மேலே வந்தார். முகம் நல்ல சிவப்பாக இருந்தது, கண் பாதி திறந்திருந்தது. காற்று வரும் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். பாய் எல்லா டிரம்மையும் நிறுத்தி ஆட்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பச் சொன்னார், தொட்டிக்குப் போகிற காவாவில் ஆசிட்டை அடக்கத் தூள் சுண்ணாம்பைக் கொட்டச் சொன்னார். சாந்தி எதையும் பார்க்கவில்லை. கணவர் தலைமாட்டில் உட்கார்ந்து அதே சுருதியில், அதே இடைவெளி விட்டு, "ஏழுமல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் அதன் இடைவெளியில் பதிலுக்குக் காத்திருந்தேன். வாழ்க்கையில் எதற்காகவும் அப்படிக் காத்திருந்ததில்லை.

பகல் 11.50, ஆம்பூர்.

ஆம்னியைப் பெட்ரோலுக்கு மாற்றி, பின்னால் அவரைப் படுக்கவைத்து நான்கு கிலோமீட்டர் போனோம். பாபு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாய் பைக்கில் பின்னால் வந்தார். ஞானராஜ் போனில் பிரிசில்லாவைப் பிடித்தான். அவர் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. "எந்த விஷம்னு டாக்டர்கிட்ட பேரச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க. மறைக்காதீங்க."

ஆஸ்பத்திரியில் ஞானராஜும் பாபுவும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு, சாந்தி கூடவே ஓட, உள்ளே போனார்கள். ஞானராஜ் யாரிடமும் எதுவும் சொல்வதற்குள் டாக்டர் என்னையும் பாயையும் வாசலில் நிறுத்தி என்ன நடந்தது என்று கேட்டார். பாய் முந்திக்கொண்டார். சேற்றிலிருந்து கிளம்புகிற தொட்டி கேஸ்தான், எங்களுக்குப் பழக்கம்தான் என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாங்கள் ஓடி வந்த காரணத்தை அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாயில் ஒரு 'ஆமாம்' தயாராக இருந்தது. தொட்டி கேஸ் என்றால் அது தொட்டியின் தப்பு, யார் தப்பும் இல்லை. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. நான் ராத்திரி பஸ்ஸில் ஊர் போய்விடலாம். ஒரு நொடி அதை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து சாந்தி கூப்பிடுவது கேட்டது. நான் வாயைத் திறந்து விஷத்தின் பெயரைச் சொன்னேன். எதில் ஊற்றினேன், எவ்வளவு நேரத்துக்கு முன்னால் என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திரும்பி உள்ளே போய், எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு வேறு மருந்துகளின் பெயரைச் சொன்னார். ஒரு நர்ஸ் ஓடினார். பாய் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார், எனக்குப் பக்கத்தில் இல்லை, எதிரில்.

மாலை 4.20.

ஏழுமலை கண்ணைத் திறந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். சாந்தி கூப்பிட்டதற்கு "ஆங்" என்றார். அந்த "ஆங்" எனக்கு ஒரு கச்சேரிக்குச் சமம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொட்டியில் இருந்த கேஸா, நீங்கள் ஊற்றியதா, இரண்டுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பெயர் தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை என்றார் டாக்டர். இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

சாந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, சிவப்பு விளக்கு, நாற்றத்துக்குப் பயந்து காவா மாறியது, எதையும் விடவில்லை. மத்தியானம் ஷாப்புக்குப் போய்ச் சாமான்களை வண்டியில் ஏற்றி வந்த ஞானராஜ், காலையில் எடுத்த தகரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான். அதை அவர் கையில் கொடுத்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புத் துண்டு, எட்டு விநாடி அசையாத முகம். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்த முகத்தை வெளியே கொண்டுவந்த தண்ணீர்தான் அந்தத் தொட்டிக்குள் போனது.

சாந்தி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு துணியை மறுபடி சுற்றி என் கையில் கொடுத்தார்.

"நீங்களே வச்சிக்கோங்க சார். பதில் சொல்லாத மொகம் இப்ப எனக்கு வாணாம்."

மாலை 5.40, திரும்பும் வழி.

பாய் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது என்றார். அது பாராட்டா, கோபமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இனி அந்தக் கேட்டுக்குள் கேமரா வரக்கூடாது என்றும் சொன்னார். அது நியாயம்.

மாதனூர் தாண்டியதும் ஞானராஜ், இனிமேல் ஹைப்போதான், வெள்ளை கொஞ்சம் மங்கினால் மங்கட்டும் என்றான். பாகாயத்தில் பிரிசில்லா பெட்டியை வாங்கி, மீதி பாட்டிலை எடுத்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கத் தனியே வைத்தார். தட்டைக் கையில் எடுத்துச் சிவப்புப் பொட்டை வெகுநேரம் பார்த்தார். "நான் கறுப்புல வச்சிருக்கணும்" என்றார். அவரை அழவேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மறுநாள் காலை 9.15, சென்னை.

வேலூரிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டரும் மடியில் அந்தத் தகரம் இருந்தது. காற்றில் பறக்கிற எடைதான், ஆனால் இறக்கி வைக்க முடியவில்லை. கொளத்தூரில் என் தெருமுனையில் இறங்கினேன். அங்கே பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து போட்டிருந்தார்கள். ஒருவர் பனியனும் டவுசருமாக இடுப்பளவு இறங்கியிருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. மேலே மேஸ்திரி ஒருவர் எட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பால் வாங்கப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். இருபது வருஷமாக நானும் அப்படித்தான் போயிருக்கிறேன்.

அவர் தலையும் உள்ளே மறைந்தது. நான் பையை இறக்கி, அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் குனிந்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார்?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"சும்மா சொல்லுங்க."

"குப்பன்."

கயிறு எங்கே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். லாரியில் கிடக்கிறது என்றார். எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன், வந்து கட்டுகிறவரை நகரமாட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தார். நான் சாலையில் உட்கார்ந்து, மடியில் தகரத்தை வைத்துக்கொண்டு, பள்ளத்துக்குள் கூப்பிட்டேன்.

"குப்பா."

எட்டு வரை எண்ணினேன்.

"ஆங்."

"குப்பா."